பழைய லேப்டாப்பில் சாஃப்ட்வேர் கோளாறா? ஃபார்மட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

லேப்டாப் ஸ்லோவாகிவிட்டது, ஹேங் ஆகிறது, அப்டேட் பாதியில் நிற்கிறது என்றதும் பலர் வாயில் முதலில் வருவது, "ஃபார்மட் அடிச்சிடலாமா?" என்பதுதான். அடித்த புதிதில் நன்றாக ஓடும். சில வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஐந்தாறு வருடம் உழைத்த லேப்டாப்பில் சாஃப்ட்வேர் கோளாறு போலத் தெரியும் பல சிக்கல்கள் சாஃப்ட்வேரில் ஆரம்பிப்பதே இல்லை. தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க், தீர்ந்துபோன சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓட வைக்கும் சின்ன வில்லை), தூசி அடைத்த ஃபேன், போதாத ரேம் ஆகிய எல்லாமே திரையில் விண்டோஸ் பிழையாகத்தான் காட்சி தரும். அதனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கால்வாசி வேலை.

வேலையைத் தொடங்கும்போதே ஒரு தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்யுங்கள், ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், என்ன ஆனது என்று எழுதுங்கள். ஒரே மூச்சில் ஐந்து விஷயங்களை மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் எதைத் திரும்ப மாற்றுவது என்று தெரியாது.

இங்கே சொல்லியிருப்பது விண்டோஸ் 10-ஐ மனதில் வைத்து எழுதியது. விண்டோஸ் 11-லும் பெரும்பாலும் இதே இடங்கள்தான். தட்டச்சு செய்ய வேண்டிய கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் கொடுத்திருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் ஃபைல்கள்

எதையும் தொடும் முன் பேக்கப். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனாலோ வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். அந்த டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் படிக்க விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்த டிரைவையும் ஒரே இழுப்பில் காப்பி போடாதீர்கள். மிக முக்கியமானதை முதலில், சின்னச் சின்னத் தொகுதிகளாக எடுங்கள். ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். கெட்டுப்போன ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பதுதான் நோஞ்சான் டிஸ்க்கை முழுசாகச் சாகடிக்கும்.

டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், போட்டோ எல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கும். விட்டுப்போவது வேறு: பிரவுசரின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, அவுட்லுக்கின் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைல், கணக்கு எழுதும் சாஃப்ட்வேர் தன் புரோகிராம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கும் டேட்டா. பழைய டாக்குமெண்டுகள் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபான்ட்டில் இருந்தால் அந்த ஃபான்ட்டையும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து எடுத்து வையுங்கள். அது போனால் டாக்குமெண்ட் இருந்தும் படிக்க முடியாது.

பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இல்லாமல் பயாஸ் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) பக்கமே போகக் கூடாது. பயாஸில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் அடுத்த முறை பூட் ஆகும்போது அந்த 48 இலக்கத்தையும் கேட்டு நிற்க வாய்ப்பிருக்கிறது.

காப்பி முடிந்ததும் வேறொரு கணினியில் பென் டிரைவைச் செருகி நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

ஷட் டவுன் வேறு, ரீஸ்டார்ட் வேறு

விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்மையம் முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. முந்தாநாள் சிக்கிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் சாஃப்ட்வேர்) இன்றைக்கும் சிக்கியபடியே எழும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலில் சிபியுவைத் தட்டி 'அப் டைம்' பாருங்கள். தினமும் இரவு அணைக்கும் லேப்டாப்பிலும் பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டினால் இதுதான் காரணம்.

ரீஸ்டார்ட் கொடுத்தால் எல்லாம் முழுதாக மூடித் திறக்கும். ரீஸ்டார்ட்டில் சரியாகி, ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் மறுபடி வருகிறது என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடுங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ', அங்கே மேலே உள்ள 'சேஞ்ச் செட்டிங்ஸ்' இணைப்பைத் தட்டினால் கீழே உள்ள டிக்கை எடுக்க விடும். ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் இனி ஆன் ஆகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அதை ஏற்றுக்கொள்ளலாம்.

டாஸ்க் மேனேஜரை ஒழுங்காகப் படிப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஆன் ஆனவுடன் பார்க்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் எந்தப் பழைய லேப்டாப்பும் திணறத்தான் செய்யும். பத்து நிமிடம் கழித்து, எதையும் திறக்காமல் பாருங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றும் தணிந்திருக்க வேண்டும்.

பழைய லேப்டாப்பில் அதிகம் பார்ப்பது டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்பதைத்தான். இதைப் பார்த்ததும் "வைரஸ்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' தாவலுக்குப் போய் டிஸ்க்கைத் தட்டுங்கள். மூன்று எண்கள் முக்கியம்: 'ஆக்டிவ் டைம்', 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்', படிக்கும்–எழுதும் வேகம். டிஸ்க் உண்மையிலேயே வேலை செய்கிறது என்றால் 100 சதவீதத்தோடு வேகமும் நொடிக்குப் பல பத்து எம்பி இருக்கும். ஆக்டிவ் டைம் 100, வேகம் 1 அல்லது 2 எம்பி, ரெஸ்பான்ஸ் டைம் ஆயிரம் இரண்டாயிரம் மில்லிசெகண்ட் என்று நின்றால் கவனியுங்கள். நல்ல நிலையில் உள்ள ஹார்டு டிஸ்க், சும்மா இருக்கும்போது பத்து இருபது மில்லிசெகண்டில் பதில் சொல்லிவிடும்.

இந்தக் காட்சிக்குக் காரணம் இரண்டில் ஒன்று. மெமரி எண்ணைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மெமரி 85, 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரேம் போதவில்லை. இடமில்லாததால் விண்டோஸ் ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாக இருக்கிறது. டிஸ்க் அதில்தான் மூச்சுத் திணறுகிறது. மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் டிஸ்க் 100 என்றால் டிஸ்க்கின் உடல்நிலையையே சந்தேகிக்க வேண்டும்.

4 ஜிபி ரேம் போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் பயன்படும் என்று சிஸ்டம் பக்கத்தில் காட்டினால் 32 பிட் விண்டோஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிப் 64 பிட் தாங்குமானால் அடுத்த முறை ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போடும்போது 64 பிட் போடலாம். 4 ஜிபியோடு விண்டோஸ் 10 ஓடும், ஆனால் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்ததும் முட்டும். 8 ஜிபி ஆக்கினால் பெரும்பாலான அன்றாட வேலைக்கு அந்தச் சிக்கல் தீரும்.

டிஸ்க்கின் உடல்நிலை

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராம் டிஸ்க் தனக்குள் எழுதி வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' பதிவுகளைக் காட்டும். அதில் எல்லா வரியையும் பார்த்து மிரள வேண்டாம். ஹார்டு டிஸ்க் என்றால் நான்கு வரிகள் போதும்:

- 05 — கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்).
- சி5 — படிக்க முடியாமல், முடிவு எடுக்கக் காத்திருக்கும் செக்டார்கள்.
- சி6 — சரிசெய்யவே முடியாதவை.
- சி7 — டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையிலான கேபிளில் வந்த பிழைகள்.

இவற்றில் கடைசி நெடுவரிசையில் உள்ள 'ரா' மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். 05-இல் சின்ன எண் இருந்து, வாரக்கணக்கில் மாறாமல் நின்றால் கவனத்தோடு ஓட்டலாம். சி5-இல் எண் இருந்தால், குறிப்பாக அது ஏறிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கில் இனி ஓஎஸ் போடுவது வீண். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். கழற்றி மாட்டினால், அல்லது கேபிளை மாற்றினால் சரியாகலாம். அந்த எண் குறையாது, ஏறாமல் நின்றாலே போதும். ரா மதிப்புகள் பதினாறடிமான எண்ணில் காட்டப்படுவது வழக்கம் என்பதையும் நினைவில் வையுங்கள்: 10 என்று இருந்தால் அது 16.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரிலும் சாட்சி கிடைக்கும். 'விண்டோஸ் லாக்ஸ்', அதில் 'சிஸ்டம்'. 'டிஸ்க்' என்ற மூலத்திலிருந்து 7, 51, 153 என்ற எண்களில் வரிசையாகப் பதிவு இருந்தால் டிஸ்க் பதில் சொல்லத் தடுமாறுகிறது. இதே இடத்தில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவைப் பார்த்துப் பலர் பவர் கோளாறு என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். 41 என்பது முறையாக மூடாமல் லேப்டாப் அணைந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. நீங்களே பவர் பட்டனைப் பிடித்து அணைத்திருந்தாலும் அது வரும். காரணத்தை அதற்கு முந்தைய பதிவுகளில்தான் தேட வேண்டும்.

'செக் டிஸ்க்' பற்றி ஓர் எச்சரிக்கை. /எஃப் மட்டும் போட்டால் ஃபைல் அமைப்பின் பிழைகளைத் திருத்தும், நேரம் குறைவு. /ஆர் போட்டால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் படிக்கும். பெரிய ஹார்டு டிஸ்க்கில் பல மணி நேரம் போகும். சி5 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் பேக்கப் இல்லாமல் /ஆர் போடாதீர்கள்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும், அது நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க் என்றால் விண்டோஸ் 10-க்கு அது போதாது என்பதே எங்கள் தீர்ப்பு. சாட்டா எஸ்எஸ்டி (அதே இடத்தில் மாட்டும், சுற்றும் பாகமே இல்லாத டிஸ்க்) மாற்றுவதற்கு ஈடான சாஃப்ட்வேர் வைத்தியம் எதுவும் கிடையாது. பழைய சாட்டா 2 போர்ட் என்பதால் எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காதே என்று தயங்க வேண்டாம். உங்களுக்குத் தெரியும் வித்தியாசம் நேர்கோட்டு வேகத்தில் இல்லை, சிதறிக் கிடக்கும் சின்ன ஃபைல்களைப் படிப்பதில் இருக்கிறது. வாங்கும் முன் உயரம் பாருங்கள். எஸ்எஸ்டி பொதுவாக 7 மிமீ, 9.5 மிமீ இடமுள்ள லேப்டாப்பில் ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டியிருக்கும். பழைய டிஸ்க் கெட்ட நிலையில் இருந்தால் குளோன் (மொத்த டிஸ்க்கையும் அப்படியே நகலெடுப்பது) செய்யாதீர்கள்: கெட்ட ஃபைல்களும் கூடவே வரும்.

சூடும் சார்ஜரும்

டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'ஸ்பீடு', 'பேஸ் ஸ்பீடு' என்று இரண்டு எண் இருக்கும். வேலை கொடுக்கும்போது ஸ்பீடு பேஸை ஒட்டியோ அதற்கு மேலோ போக வேண்டும். சிபியு 100 சதவீதம், ஆனால் ஸ்பீடு 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது என்றால் லேப்டாப் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. ஃபேன் இரைச்சலோடு நடந்தால் சூடு: தூசி அடைப்பு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டைக் கடத்தும் பசை). சூடே இல்லாமல் நடந்தால் சார்ஜரைச் சந்தேகியுங்கள். சில தயாரிப்புகள் சார்ஜரை அடையாளம் காண முடியாவிட்டால் வேண்டுமென்றே சிபியு வேகத்தைக் குறைத்துவிடும். வாட் குறைந்த மாற்று சார்ஜர் போட்டாலும் இதே கதைதான். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பார்த்து இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்.

கடிகாரம் தப்பினால் எல்லாம் தப்பும்

இணையதளங்கள் எல்லாம் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்கின்றன, அப்டேட் பிழை காட்டுகிறது, மெயில் லாகின் ஆகவில்லை. இந்த மூன்றும் ஒரே நாளில் வந்தால் திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். தேதி சில வருடம் பின்னால் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கடிகாரம் 2015 என்றால் இன்றைய சான்றிதழ்கள் எதுவும் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை.

சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு மறுபடி ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போனால் மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் 3 வோல்ட் சிஆர்2032 வில்லைதான். லேப்டாப்பில் அது இரண்டு கம்பியோடு, சுருங்கும் உறைக்குள் வருவதும் உண்டு. வாங்கும் முன் திறந்து பார்த்து, கனெக்டரையும் சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வில்லை தீர்ந்தால் இன்னொரு பெரிய குழப்பமும் வரும். பல மாடல்களில் பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குப் போய்விடும். சாட்டா மோடு (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஎச்சிஐ-இல் இருந்தது ரெய்டு என்றோ ஐடிஇ என்றோ மாறிவிட்டால் விண்டோஸ் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத்திரை காட்டும். பூட் ஆகும் முறை யுஇஎஃப்ஐ-இலிருந்து லெகசியாக மாறினால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று சொல்லும். ஓஎஸ் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இந்த இடத்தில்தான் பலர் ஃபார்மட் அடிக்கிறார்கள். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் எல்லாம் அப்படியே எழும். லேப்டாப் நன்றாக இருக்கும்போதே பயாஸ் பக்கங்களை ஃபோனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

கடிகாரம் சரி, ஆனால் டைம் ஸோன் தப்பு என்பது இன்னொரு வகை. பார்வைக்கு நேரம் சரியாக இருக்கும். ஆனால் ஆறு இலக்க அங்கீகாரக் குறியீட்டை அந்த லேப்டாப்பே உருவாக்கினால் அது ஏற்கப்படாது. விண்டோஸும் லினக்ஸும் (விண்டோஸுக்கு மாற்றான இலவச ஓஎஸ்) ஒரே லேப்டாப்பில் இருந்தால், ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றொன்று உலகப் பொது நேரத்தையும் வன்பொருள் கடிகாரத்தில் எழுதும். மாறி மாறிப் பூட் செய்யும்போது நேரம் சில மணி தள்ளிப்போவது அதனால்தான்.

நேரமும் சரி, ஸோனும் சரி, ஆனாலும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் ஓஎஸ் மிகப் பழையதாக இருக்கலாம். ஏராளமான தளங்கள் நம்பியிருந்த 'டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3' என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. அதற்குப் பிறகு மூலச் சான்றிதழ்களைப் புதுப்பித்துக்கொள்ளாத பழைய கணினிகளில் அந்தத் தளங்கள் பிழை காட்டத் தொடங்கின. ஃபயர்ஃபாக்ஸ் சான்றிதழ்களைத் தன்னோடு கொண்டுவருவதால் அதில் திறந்து பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு ஓஎஸ்ஸின் சான்றிதழ்ப் பட்டியலில்.

இப்போதுதான் சாஃப்ட்வேர்

டிஸ்க், ரேம், சூடு, கடிகாரம் நான்கும் தேறிவிட்டால் சந்தேகம் சாஃப்ட்வேர் மீது. டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' தாவலில் தேவையற்றதை டிசேபிள் செய்வது எல்லோரும் செய்வது, செய்யுங்கள். ஆனால் அதில் வராத சர்வீஸ்கள்தான் (பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) அதிகம் படுத்தும்.

விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' என்று அடியுங்கள். 'சர்வீசஸ்' தாவலில் முதலில் 'ஹைடு ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' டிக் போடுங்கள். இதை மறந்தால் விண்டோஸுக்கே தேவையானதை நிறுத்திவிடுவீர்கள். பிறகு 'டிசேபிள் ஆல்', ரீஸ்டார்ட். கோளாறு போய்விட்டால் நிறுத்திய சர்வீஸ்களில் ஒன்றுதான் குற்றவாளி. ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டாம். பாதியை மட்டும் போடுங்கள். கோளாறு வந்தால் அந்தப் பாதியில், வராவிட்டால் மறுபாதியில். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்தால் 32 சர்வீஸ் இருந்தாலும் ஐந்தே ரீஸ்டார்ட்டில் ஆளைப் பிடித்துவிடலாம்.

இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்தாலும் சில ஆன்ட்டிவைரஸ்கள் வடிகட்டி டிரைவர்களை விட்டுச் செல்லும். அதைத் தயாரித்தவர்களே தரும் 'ரிமூவல் டூல்' கொண்டு துடைக்க வேண்டும். உண்மையிலேயே வைரஸ் சந்தேகம் இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் முழுதாக எழும் முன் சுமார் 15 நிமிடம் தேடும். வைரஸ் போன பிறகு நெட் வேலை செய்யவில்லையா? செட்டிங்ஸில் 'பிராக்ஸி' பக்கத்தைப் பாருங்கள். வைரஸ் போட்டு வைத்த, நெட்டைத் திருப்பிவிடும் பிராக்ஸி முகவரி அப்படியே இருக்கும்.

கோளாறு ஒரு யூசருக்கு மட்டும்தானா என்றும் பார்க்க வேண்டும். புதிதாக ஒரு யூசர் கணக்கு உருவாக்கி அதில் நுழையுங்கள். அங்கே ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் ஒழுங்காக இருந்தால் விண்டோஸ் நலம், பழைய யூசரின் புரொஃபைல்தான் கெட்டிருக்கிறது. ஃபைல்களை மாற்றிக்கொண்டு புதிய கணக்கிலேயே இருந்துவிடலாம்.

பிரவுசர் மட்டும் ஸ்லோ என்றால் இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே வேகம் என்றால் எக்ஸ்டென்ஷன்களைக் களையெடுக்க வேண்டும். வீடியோ ஓடும்போது திரை கருப்பானால், கட்டம் கட்டமாக உடைந்தால் பிரவுசர் செட்டிங்ஸில் 'ஹார்டுவேர் ஆக்சலரேஷன்' நிறுத்திப் பாருங்கள்.

அப்டேட் நின்றுபோனால்

முதல் காரணம் இடமின்மை. சி டிரைவில் பெரிய வெர்ஷன் மாற்றத்துக்கு 20 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி. 'டிஸ்க் கிளீன்அப்' திறந்து 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' தட்டினால்தான் பழைய அப்டேட்டுகளும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரும் பட்டியலில் வரும். 'டவுன்லோட்ஸ்' என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது உங்கள் சொந்த ஃபைல்கள்.

இடம் இருந்தும் அதே சதவீதத்தில் நின்றால், பாதி இறங்கிய ஃபைல் கெட்டிருக்கலாம். சர்வீசஸ் ஜன்னலில் 'விண்டோஸ் அப்டேட்', 'பேக்கிரவுண்ட் இன்டெலிஜென்ட் டிரான்ஸ்ஃபர் சர்வீஸ்' இரண்டையும் ஸ்டாப் செய்யுங்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்', அதற்குள் 'டவுன்லோட்'. அதில் உள்ளதை மட்டும் அழித்து ரீஸ்டார்ட் செய்தால் புதிதாக இறக்கிக்கொள்ளும்.

அப்போதும் நகராவிட்டால் சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்க வேண்டும். கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து, முதலில் 'டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீன்அப்-இமேஜ் /ரிஸ்டோர்ஹெல்த்'. முடிந்த பிறகு 'எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்'. இந்த வரிசை முக்கியம். இரண்டாவது கட்டளை நல்ல ஃபைல்களை எடுக்கும் களஞ்சியத்தைத்தான் முதல் கட்டளை பழுதுபார்க்கிறது. களஞ்சியமே கெட்டிருந்தால் இரண்டாவது எதை வைத்துத் திருத்தும்? ஹார்டு டிஸ்க்கில் ஒவ்வொன்றும் அரை மணிக்கு மேல் போகலாம். நடுவில் ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்பது சகஜம், மூடிவிடாதீர்கள்.

நீலத்திரை, டிரைவர்

நீலத்திரையில் கீழே வரும் 'ஸ்டாப் கோடு' பெயரை எழுதிக்கொள்ளுங்கள். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் ரேம் சோதனை முதலில்: 'எம்டிஷெட்' (mdsched) என்று அடித்து விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டலாம். நீலச் சோதனைத் திரையில் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுங்கள். சாதாரணச் சோதனை பல பிழைகளை விட்டுவிடும். 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்' வந்தால் டிஸ்க் பக்கம் திரும்புங்கள். 'வீடியோ டிடிஆர் ஃபெய்லியர்' கிராஃபிக்ஸ் டிரைவரையோ கிராஃபிக்ஸ் சிப்பின் சூட்டையோ காட்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் டிரைவரைவிட ரேமைச் சந்தேகிப்பதே சரி. ரேமைக் கழற்றி, ஒவ்வொரு துண்டாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

டிரைவரைத் தானே தேடிப் போடும் 'டிரைவர் அப்டேட்டர்' புரோகிராம்களைப் பழைய லேப்டாப்பில் ஏற்றவே வேண்டாம். உங்கள் மாடலுக்கென்று தயாரிப்பாளர் கொடுத்த டிரைவர், 2016-ஐச் சேர்ந்ததாக இருந்தாலும், பெரும்பாலும் அதுவே பொருத்தமானது. ஓர் அப்டேட்டுக்குப் பிறகு வைஃபையோ ஒலியோ போனால் டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் 'பிராப்பர்ட்டீஸ்', 'டிரைவர்' தாவல், 'ரோல் பேக் டிரைவர்'. கோளாறு எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று நினைவில்லையென்றால் 'ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று தேடித் திறந்து பாருங்கள். நாள்வாரியாக எது நின்றது, அன்று எது இன்ஸ்டால் ஆனது என்று வரிசையாகக் காட்டும். அவ்வளவு பயனுள்ள இந்த ஜன்னலை ஏனோ பலர் திறப்பதே இல்லை.

ஆன் ஆகிறது, விண்டோஸ் வரவில்லை

வெறும் கருப்புத் திரையாக இருந்தால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். பலனில்லையென்றால் லாகின் திரையில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். லாகின் திரையே வராவிட்டால், லோகோ வந்ததும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரெகவரி திரை தானாக வரும். டிஸ்க் நோஞ்சான் என்று தெரிந்தால் இந்த முறையைத் தவிர்த்து, இன்ஸ்டால் பென் டிரைவிலிருந்து 'ரிப்பேர்' போய்க்கொள்ளுங்கள்.

'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', ரீஸ்டார்ட், பிறகு 4 அழுத்தினால் சேஃப் மோடு, 5 அழுத்தினால் நெட்டோடு சேஃப் மோடு. சேஃப் மோடில் நன்றாக ஓடினால் டிரைவரோ, பின்னால் ஏறும் சாஃப்ட்வேரோதான் காரணம். நேற்று போட்ட அப்டேட்டுக்குப் பிறகு வந்தது என்றால் அதே பக்கத்தில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. 'சிஸ்டம் ரிஸ்டோர்' பல லேப்டாப்களில் ஆரம்பத்திலேயே அணைக்கப்பட்டிருக்கும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னும் முடிவு தெரியவில்லையா? ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அதிலும் ஹேங் ஆனால், வைஃபை அதிலும் வராவிட்டால், விண்டோஸ் மேல் பழி போட முடியாது, வன்பொருள்தான். அதில் சுத்தமாக ஓடினால் விண்டோஸோ, அது இருக்கும் டிஸ்க்கோ. விண்டோஸ் எழாத லேப்டாப்பிலிருந்து ஃபைல்களை எடுக்கவும் இதே பென் டிரைவ் உதவும்.

வேறு வழியில்லை, மறுபடி போடத்தான் வேண்டும்

'ரீசெட் திஸ் பிசி' கொடுத்து 'கீப் மை ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் ஃபைல்கள் தங்கும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போகும். போனவற்றின் பட்டியல் டெஸ்க்டாப்பில் கிடைக்கும். சுத்தமாகப் போடுவதற்கு 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும்.

எந்த ஓஎஸ் என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல்தான் அதிகாரப்பூர்வம். குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று பலர் சொல்வார்கள். ஆனால் கோர் 2 டுவோ காலத்துச் சிப்களில் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, ஏனென்றால் அது கேட்கும் கட்டளைகள் அந்தச் சிப்பிலேயே கிடையாது. பிரவுசர், மெயில், டாக்குமெண்ட் இவைதான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பரிந்துரைப்போம். 2 ஜிபி ரேமிலும் எழும், 4 ஜிபியில் வசதியாக ஓடும், பாதுகாப்பு அப்டேட்டும் தொடரும். உங்களுக்கு அவசியமான ஒரு சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் மாறும் முன் அதற்கு ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் போட்டால் முதலில் சிப்செட் டிரைவர், அடுத்து கிராஃபிக்ஸ், வைஃபை, ஒலி, டச்பேட் என்ற வரிசையில் ஏற்றுங்கள். வைஃபை டிரைவரை முன்கூட்டியே இன்னொரு பென் டிரைவில் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மற்றதை இறக்க நெட்டே இருக்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் ஒன்றும் இல்லை என்றதும், வேறெந்தப் புரோகிராமும் ஏற்றும் முன்பே, கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்டு ரிஸ்டோர்' போய் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' கொடுத்து வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு முழு நகல் எடுத்துவிடுங்கள்.